இணைந்தும் இணையாத எலும்புகள்

மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில், பிற்பகலில் அறுபத்துமூவர் வீதிவலம் புறப்படுவதற்கு முன்பாக, பூம்பாவை உயிர்பெற்றெழுந்த வரலாறு ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டப்பெறுகிறது. சிவநேசர் என்னும் வணிகரின் மகள் ஏழு வயதில் அரவம் தீண்டி இறந்து, தகனம் செய்யப்பெற்று, எலும்பும் சாம்பலுமாய் ஒரு குடத்தில் காக்கப்பட்டிருந்தாள் என்பதும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அழைத்தபொழுது குடம் உடைய, பன்னிரண்டு பிராயத்துக் கன்னிகையாய் வெளிப்பட்டாள் என்பதும் பெரியபுராணம் கூறும் செய்தி. பக்தியோடு அதைக் கேட்பவர்களுள் சரீர சாஸ்திரம் பயின்றவர் ஒருவர் இருப்பாராயின், அவர் மனம் ஒரு நுட்பத்தில் நின்றுவிடும். மாண்ட வயதினளாக அல்லாமல், உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருப்பாளோ அவ்வளவும் வளர்ந்தவளாக அவள் எழுந்தாள் என்று சேக்கிழார் காலக்கணக்கை விடாது பாடியிருக்கிறாரே, அந்த வளர்ச்சியைத் தலை எலும்புகள் எவ்வாறு அடைகின்றன? கை எலும்பும் கால் எலும்பும் முனைகளில் நீளலாம். அவற்றுக்கு அதற்கான இடம் உண்டு. மூளையை நாற்புறமும் மூடிக்கொண்டு நிற்கும் ஓடு, உள்ளிருப்பதை நெரிக்காமலும், காவலை ஒரு கணமேனும் தளர்த்தாமலும் எப்படிப் பெரிதாகிறது?

விடை, எலும்புகளின் நடுவே கிடக்கும் மெல்லிய இடத்தில் இருக்கிறது. மனிதனின் மண்டை ஓடு என்று நாம் ஒருமையில் சொல்லுவது உண்மையில் 22 எலும்புகளின் கூட்டம். காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகளை இக்கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றுள் 8 எலும்புகள் மூளையைச் சூழ்ந்து நிற்கின்றன. 14 எலும்புகள் முகத்தை அமைக்கின்றன. இந்த இருபத்திரண்டில் தாராளமாக அசைவது கீழ்த்தாடை ஒன்றே. ஏனையவை அசையாச் சந்திகளால் இணைந்திருக்கின்றன. அவ்வகைச் சந்திகளுக்கே மண்டையோட்டுத் தையல்கள் என்று பெயர்.

உச்சந்தலையிலிருந்து பார்த்தால் பெரிய தையல்கள் புலப்படும். நெற்றி எலும்புக்கும் அதன் பின்னுள்ள இரண்டு உச்சி எலும்புகளுக்கும் நடுவே, ஒரு காதின் மேற்புறத்திலிருந்து மற்றக் காதின் மேற்புறம்வரை மகுடம் பதியும் இடத்தில் செல்வது மகுடத் தையல். இரண்டு உச்சி எலும்புகளும் ஒன்றையொன்று சந்திக்கும், முன்பின்னாக ஓடும் நேர்க்கோடு நடுத் தையல். உச்சி எலும்புகளும் பிடரி எலும்பும் கூடும் இடத்தில் கிரேக்கரின் லாம்டா எழுத்தைப் போல இருபுறமும் சரிந்து இறங்குவது பிடரித் தையல். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டின் எலும்பு உச்சி எலும்பின் விளிம்பின்மேல் செதிலாகப் படிந்து நிற்பது செதில் தையல். குழந்தைப் பருவத்தில் நெற்றி எலும்பே இரண்டாகப் பிரிந்திருப்பதால், மூக்கின் அடியிலிருந்து மேல்நோக்கி மற்றொரு தையலும் உண்டு. அது பெரும்பாலோர்க்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துபோகிறது. மிகச் சிலருக்கு மட்டும் ஆயுள் முழுவதும் நிலைத்திருக்கும்.

சிசுவின் தலையில் இக்கோடுகள் ஏறக்குறைய நேராக இருக்கின்றன. வயது ஏற ஏற, இரு விளிம்புகளிலிருந்தும் எலும்பு நுண்ணிய பற்களாக நீண்டு, ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளியில் புகுந்து, மலையாற்றின் போக்கைக் காட்டிலும் கோணல் மிகுந்த ஒரு கோட்டை உண்டாக்குகின்றன. சிலருடைய பிடரித் தையலின் நடுவே எந்தப் பெரிய எலும்பையும் சேராத சிறு எலும்புத் தீவுகளும் தோன்றுவதுண்டு. டென்மார்க் தேசத்துப் பதினேழாம் நூற்றாண்டு மருத்துவர் ஓலே வோர்ம் என்பவர் பெயரால் அவற்றை வோர்மிய எலும்புகள் என்பர்.

இச்சந்திகளைத் தைத்த துணியோடு ஒப்பிட்ட முதல்வர்களுள் நம் சுசுருதர் ஒருவர். 1905-ஆம் ஆண்டு வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூரில் வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையை நிறுவியபொழுது, அங்கே பயில வந்த மாணாக்கர்க்கு மூலநூல்களுள் ஒன்றாக இருந்தது சுசுருத சம்ஹிதை. அதன் சாரீர ஸ்தானம் உடம்பில் 210 சந்திகள் உண்டென்றும், அவற்றுள் 83 கழுத்திலும் அதற்கு மேலும் அமைந்தவை என்றும் கணக்கிடுகிறது. சந்திகளை எட்டு வகையாகப் பிரித்து, தலையோட்டிலும் இடுப்பெலும்பிலும் உள்ளவற்றுக்குத் துன்னசேவனி, அதாவது தைத்த மூட்டு, என்று பெயரிடுகிறது. அதோடு நில்லாமல், தலையைப் பகுக்கும் ஐந்து சந்திகளைச் சீமந்தம் என்னும் மர்மங்களாகத் தனியே எண்ணி, அவ்விடங்களில் அடிபட்டவன் சித்தப்பிரமையும் அச்சமும் நினைவிழத்தலும் கொண்டு காலம் கடந்து இறப்பான் என்றும் சொல்லுகிறது. அடிபட்ட உடனே வரும் மரணத்தையும் நாள் கழிந்து வரும் மரணத்தையும் அவர் வேறுவேறாகப் பிரித்து வைத்திருப்பது, தலையில் காயம்பட்டவர்களை அருகிருந்து பார்த்தவருடைய பிரிவினை என்றே எனக்குத் தோன்றுகிறது. உடலைப் புல்லால் சுற்றிக் கூட்டில் இட்டு, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, பின் மெல்லத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வோர் அடுக்காகக் கண்ணால் பார்த்தறிய வேண்டும் என்று மாணாக்கனுக்கு விதித்த ஆசிரியர், எலும்புகளின் விளிம்புகளைக் கவனியாமல் விட்டிருப்பாரா?

கிரேக்க தேசத்தில் இந்தக் கவனம் எல்லார்க்கும் வாய்க்கவில்லை. ஆண்களின் தலையில் மூன்று தையல்களும் பெண்களின் தலையில் வட்டமாக ஓடும் ஒரே தையலும் உண்டென்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். எந்த மண்டை ஓட்டையும் எடுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும் வழக்கு அது. அவருக்கு முன்னவரான ஹிப்பாக்ரடீஸோ, தையற்கோட்டுக்கும் எலும்பு முறிவுக்கும் வேற்றுமை காணாமல் தாம் ஒருமுறை ஏமாந்ததாக வெளிப்படையாகப் பதிவுசெய்தார் என்று ரோமானிய ஆசிரியர் செல்சஸ் போற்றுகிறார். அந்த ஐயம் இன்றும் தீரவில்லை. விபத்தில் சிக்கிய குழந்தையின் எக்ஸ்-ரே படத்தில் கருங்கோடு ஒன்று தென்பட்டால், அது முறிவா தையலா என்று நிச்சயிக்க மருத்துவர் இருபுறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். தையல் இருபக்கமும் ஒத்திருக்கும். பல் பல்லாகக் கோணி ஓடும். முறிவோ நேர்கோடாய், கூர்மையாய், தையலின் போக்கை மதியாது செல்லும்.

இனிப் பிறப்பிடத்துக்கு வருவோம். 1885-ஆம் ஆண்டு மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் தோன்றி, கோஷா ஆஸ்பத்திரி என்றே இன்றும் முதியோர் வாயில் வழங்கும் திருவல்லிக்கேணிக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலோ, லஸ்ஸுக்கு அருகே உள்ள இசபெல் மருத்துவமனையிலோ சுகப்பிரசவத்தில் பிறந்த குழந்தையைக் காணச் செல்லும் உறவினர், அதன் தலை பின்புறம் கூம்பி நீண்டிருப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. பிரசவ வழியின் நெருக்கத்தில் தலை எலும்புகள் தையல்களின் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி, தலையின் சுற்றளவைக் குறைத்துக்கொண்டு வெளிவந்ததன் அடையாளம் அது. சில தினங்களில் எலும்புகள் தம் இடத்துக்குத் திரும்பிவிடும். தலையை எண்ணெய் தடவி உருட்டிப் பிடித்து வட்டமாக்கிவிட்டதாக மகிழும் பாட்டிமார், தாமாகவே நடக்கும் காரியத்துக்கு அருகிலிருந்து அன்பு செலுத்தியவர்கள் ஆவர். மெல்லத் தடவுவதில் கெடுதி இல்லை. அழுத்திப் பிடிப்பதற்கோ யாதொரு தேவையும் இல்லை.

பிறந்த சிசுவின் தலையில் எலும்புகளின் மூலைகள் கூடும் இடங்களில் ஆறு உச்சிக்குழிகள் உள்ளன. முன்னால் உள்ளது சாய்சதுரமானது; தாயின் விரல்நுனிக்கு நன்றாகப் புலப்படுவது. பின்னால் உள்ளது சிறியது. இரண்டு மூன்று மாதங்களில் மூடிக்கொள்ளும். முன்குழி பெரும்பாலும் ஓராண்டுக்கும் ஒன்றரை ஆண்டுக்கும் இடையில் மூடும். இரண்டு ஆண்டுவரை தாமதித்தாலும் அதனாலேயே அஞ்ச வேண்டியதில்லை. அங்கே எலும்பு இல்லையே, தொட்டால் மூளைக்கு ஊறு நேருமே என்று பல இளந்தாய்மார் அவ்விடத்தில் தண்ணீர் ஊற்றவும் தயங்குகின்றனர். தோலுக்கு அடியில் உறுதியான நார்ச்சவ்வும், அதன் கீழ் மூளையின் புறவுறையும் காத்து நிற்கின்றன. குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவதால் அந்த இடத்துக்கு எந்தத் தீங்கும் வாராது.

ஆனால் அந்தக் குழி சொல்லும் சேதியைப் படிக்கத் தெரிய வேண்டும். குழந்தையை நிமிர்த்தி அமைதியாக வைத்திருக்கும்பொழுது உச்சி பள்ளமாகத் தோன்றினால், வயிற்றுப்போக்கினாலோ வாந்தியினாலோ உடலின் நீர் வற்றிவிட்டது என்பது பொருள். உச்சி விழுந்துவிட்டது என்று சொல்லி அதை மேலே எழுப்புவதற்குக் கைவைத்தியம் தேடி அலைபவர்கள், விழுந்தது உச்சியன்று, உடலின் நீரே என்பதை உணர்வார்களேயானால், எத்தனையோ பேதைக் குழந்தைகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் தாய்ப்பாலும் உரிய நேரத்தில் கிடைக்கும். குழி மேலெழும்பிப் புடைத்து நின்றாலோ, மூளைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கிறது; காய்ச்சலோடு அது சேர்ந்திருந்தால் மூளையுறை அழற்சியாக இருக்கலாம் என்று ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மூடவேண்டிய வயது கடந்தும் அகலத் திறந்திருந்தால் கணைச் சூடு என்று முன்னோர் சொன்ன எலும்புருக்கக் கோளாறுகளையும், தைராய்டுச் சுரப்பின் குறைவையும் நாடிப் பார்ப்பர். இக்காலத்தில் அதே குழியின்மேல் கருவியை வைத்து, குறைமாதக் குழந்தைகளின் மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று ஒலியலைகளால் படம் எடுக்கிறார்கள். எலும்பு வந்து மூடிய பின் அந்தச் சாளரம் அடைபட்டுவிடும்.

பிறக்கும்பொழுது மூளையின் எடை சுமார் 350 முதல் 400 கிராம். முதல் ஆண்டிலேயே அது ஏறக்குறைய இருமடங்காகிறது. பெரியவர்களுக்குச் சுமார் 1,300 முதல் 1,400 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அளவுகோலின்படி, ஆண் சிசுவின் தலைச்சுற்று பிறப்பில் சராசரி 34.5 செ.மீ.; ஓராண்டு நிறைவில் 46 செ.மீ. அவ்வளவையும் இடங்கொடுத்து ஏற்றுக்கொள்ளுவது தையல்களே. ஒவ்வொரு தையலின் நடுவிலும் நார்த்திசுவும், எலும்பாக மாறவல்ல இளஞ்செல்களும் நிறைந்திருக்கின்றன. மூளை வளர்ந்து உறையை உள்ளிருந்து விரிக்கிறது. உறை விரிய எலும்புகள் சற்றே விலகுகின்றன. விலகிய விளிம்பில் புதிய எலும்பு படிகிறது. ஆனால் நடுவிலுள்ள மென்பகுதி எலும்பாகிவிடாமல் தன்னைத் தானே காத்துக்கொள்ளுகிறது. கடினமாக்கும் வேலையும் கடினமாகாமல் இருக்கும் வேலையும் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடுத்தடுத்து நடைபெறுகின்றன.

இந்த எல்லையைக் காப்பது யார்? எலும்பா, தையலின் செல்களா, கீழே இருக்கும் உறையா? எலிகளின் தலையில் முன்பக்கத்துத் தையல் ஒன்று மட்டும் இளமையிலேயே மூடிவிடும். மற்றவை ஆயுள் முழுவதும் திறந்திருக்கும். 1990-களில் ஆராய்ச்சியாளர்கள், மூடும் தையலின் கீழுள்ள உறையையும் மூடாத தையலின் கீழுள்ள உறையையும் இடம் மாறுமாறு திருப்பிவைத்துப் பார்த்தார்கள். மூடாதிருக்க வேண்டிய தையல் மூடிக்கொண்டது. மேலிருக்கும் எலும்பின் விதியைக் கீழிருக்கும் மெல்லுறை எழுதுகிறது என்பது அதனால் விளங்கிற்று. பின்னர் 2015-இல், தையலின் நடுவில் வதியும் ஒரு வகைத் தண்டணுக்களே தலையோட்டு எலும்புக்கு ஆயுள் முழுதும் விதையாக இருந்து, முறிவு நேர்ந்தாலும் ஆற்றுகின்றன என்று தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் எலிகளில் கண்டறிந்தனர்.

எல்லை தவறினால் என்ன நேரும் என்பதை 1851-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்ச்சோ ஒரு விதியாக வகுத்துச் சொன்னார். ஒரு தையல் காலத்துக்கு முன்பே எலும்பாகி மூடிவிட்டால், அத்தையலுக்குக் குறுக்கான திசையில் தலை வளர முடியாது. அத்தையல் ஓடும் திசையில் ஈடுசெய்து நீளும். நடுத் தையல் மூடினால் தலை இருபக்கமும் ஒடுங்கி, முன்னும் பின்னும் படகாக நீளும். இக்கோளாற்றில் ஏறக்குறையப் பாதி இவ்வகையே. ஆண் குழந்தைகளுக்கே மிகுதி. நெற்றித் தையல் மூடினால் நெற்றி முக்கோணமாகக் கூர்க்கும். மகுடத் தையலின் ஒரு பாதி மட்டும் மூடினால் ஒரு பக்கத்து நெற்றி பின்வாங்கி, அப்பக்கத்துப் புருவம் மேலேறும். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் இக்கோளாறு நேர்கிறது. விரல்கள் ஒட்டிப் பிறத்தல் முதலியவற்றோடு சேர்ந்து வரும் வகைகளைப் பிரெஞ்சு மருத்துவர்களான அப்பேர் 1906-இலும் குரூசோன் 1912-இலும் விவரித்தனர். அவற்றுக்குக் காரணமான மரபணு மாற்றங்கள் 1990-களில் கண்டுபிடிக்கப்பட்டன.

இதற்கு ரணசிகிச்சை உண்டு. அதுவும் மூளை விரைந்து வளரும் முதல் ஆண்டுக்குள் செய்தால் சிறந்த பயன் தருவது. ஏனெனில் அறுத்துத் திறந்த எலும்பைத் தக்க வடிவில் தள்ளி நிறுத்துவது, பெரும்பாலும் வளரும் மூளையே. ஆகவேதான் தலைச்சுற்றை அளக்கும் சாதாரண நாடாவை நான் பெரிதாக மதிக்கிறேன். தியாகராய நகரிலும் அடையாறிலும் குழந்தை மருத்துவர்களின் கூடங்களில் தடுப்பூசிக்கு வரிசையில் காத்திருக்கும் பெற்றோர், எடையைக் கேட்கிறார்கள், உயரத்தைக் கேட்கிறார்கள்; தலைச்சுற்றை அளந்தீர்களா என்று கேட்பவர் அரியர். அந்த அளவைக் குறிக்கும் கோடு வளர்ச்சி அட்டையில் சீராக ஏறுகிறதா, தேங்குகிறதா, திடீரென்று பாய்கிறதா என்பதில் பல நோய்களின் முன்னறிவிப்பு அடங்கியிருக்கிறது. தலையின் வடிவம் சற்றுக் கோணியிருந்தால் எல்லாமே தையல் மூடிய கோளாறு என்று அஞ்சவும் வேண்டா. ஒரே பக்கமாகப் படுத்துத் தலையின் பின்புறம் தட்டையான குழந்தைகளே மிகுதி. அவர்களுக்குத் தையல்கள் திறந்தே இருக்கும். படுக்கும் பக்கத்தை மாற்றுவதாலும், விழித்திருக்கையில் கவிழ்த்து விளையாடவிடுவதாலும் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் பொறுப்பு.

இவ்விடத்தில் ஒரு துயரமான வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். 1890-களில் பாரிஸிலும் அமெரிக்காவிலும் சில ரணசிகிச்சை நிபுணர்கள், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் சிறுத்த தலைகளைக் கண்டு, ஓடு முன்கூட்டியே மூடியதால்தான் மூளை வளரவில்லை என்று கருதி, அக்குழந்தைகளின் மண்டை ஓட்டைக் கீறித் திறந்தார்கள். காரணமும் காரியமும் தலைகீழாயின. மூளை வளராததால் தலை சிறுத்திருந்தது. பல குழந்தைகள் இறந்தன; பிழைத்தவற்றுக்கும் பயன் இல்லை. நியூயார்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஏப்ரகாம் ஜக்கோபி 1894-இல் இதைக் கடுமையாகக் கண்டித்த பின், பல ஆண்டுகள் இவ்வகைச் சிகிச்சை அனைத்துமே கைவிடப்பட்டது. மெய்யாகவே தையல் மூடிய குழந்தைகளும் அதனால் உதவியற்றுப் போயின.

வளர்ச்சி முடிந்த பின்னும் தையல்கள் வேலையற்றுப் போவதில்லை. வெள்ளாட்டின் தலையோட்டிலிருந்து எடுத்த துண்டுகளை 1990-இல் பரிசோதித்தபொழுது, தையல் உள்ள துண்டுகள் தையலற்ற வெறும் எலும்பைவிட மோதலின் ஆற்றலை மிகுதியாக உட்கொண்டன என்றும், தையலின் கோணல் மிகுந்தோறும் வளையும் வலிமை கூடியது என்றும் தெரிந்தது. முட்டிப் பொருதும் பிராணிக்கு அதன் தேவை சொல்லாமலே விளங்கும். மனிதனுக்கோ பகை வேறு. ஒரு காலத்தில் மாமரத்திலிருந்தும் பனைமரத்திலிருந்தும் விழுந்தவர்கள் வந்த தலைக்காய வார்டுகளுக்கு இப்பொழுது சாலையிலிருந்து வருகிறார்கள்.

தலைக்குள் நேரும் ரத்தக்கசிவில் ஒரு வகை, எலும்புக்கும் மூளையின் புறவுறைக்கும் நடுவே தேங்குவது. நெற்றிப்பொட்டில், நான்கு எலும்புகளின் விளிம்புகள் கூடும் மெல்லிய இடத்துக்கு உட்புறமாக, உறையின் நடுநாடி ஒன்று ஓடுகிறது. அங்கே எலும்பு உடைந்தால் நாடி கிழியும். உறையோ தையல்களின் ஓரத்தில் எலும்போடு இறுகப் பற்றியிருக்கிறது. ஆகையால் கசிந்த ரத்தம் தையலைக் கடந்து பரவ இயலாமல் அங்கேயே திரண்டு, படத்தில் வில்லைபோல் குவிந்து தோன்றும். அந்த வடிவத்தைக் கண்டதுமே ரணசிகிச்சை நிபுணர் இன்ன இடத்துக் கசிவு என்று நிர்ணயித்து, தாமதமின்றித் துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றுகிறார். அடிபட்டு, எழுந்து, நன்றாகப் பேசி, வீடு திரும்பி, சில மணி நேரம் கழித்து நினைவிழப்பவர்கள் பெரும்பாலும் இவ்வகையினர். அந்த இடைவேளையின் தெளிவை நம்பி உறங்கிப்போனவர்களில் விடியலைக் காணாதவர் எத்தனையோ பேர். பிறந்த குழந்தையின் தலையில் எலும்பின் வெளிப்புறத்தில் தேங்கும் ரத்தக்கட்டியும் இதே போலத் தையலின் எல்லையில் நின்றுவிடும். தோலுக்கடியில் நீர்கோத்த சாதாரண வீக்கமோ எல்லையைத் தாண்டிப் பரந்திருக்கும். செவிலியரின் விரல் அதைக் கொண்டே இரண்டையும் பிரித்துவிடுகிறது.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் மூளை நரம்பு ரணசிகிச்சைத் துறையைத் தொடங்கிய பி. ராமமூர்த்தி, பிற்காலத்தில் அடையாற்றில் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனையோடு இணைத்து மற்றொரு நரம்பு ரணசிகிச்சை நிலையத்தை அமைத்தார். அதற்கு, மேனாட்டு மருத்துவத்தையும் ஆயுர்வேதத்தையும் ஒருசேரக் கற்ற ஆசண்ட லக்ஷ்மீபதியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சீமந்த மர்மங்களைப் பாடம் கேட்டறிந்த ஒரு வைத்தியரின் பெயரைத் தாங்கிய கட்டடத்தில், அதே தையல்களின் மீது துளையிடும் கருவி இயங்குவதைப் பொருத்தம் என்றே கருதுகிறேன்.

இறந்தவர்களின் தலைகளும் தையல்களைக் கொண்டு பேசுகின்றன. ஆனால் நாம் எதிர்பார்க்கும் அளவுக்குத் தெளிவாகப் பேசுவதில்லை. தையல்கள் எலும்பாகி மறைவது பொதுவாக இருபது வயதுகளில் ஓட்டின் உட்புறத்திலிருந்து தொடங்குகிறது. கிளீவ்லாந்து நகரத்தில் டாட், லயான் என்னும் இருவர் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மண்டை ஓடுகளை ஆராய்ந்து, எந்தத் தையல் எந்த வயதில் மூடும் என்று கால அட்டவணை வகுத்தனர். அதன் பின் செய்த ஆய்வுகள், முப்பது வயதில் முழுதும் மூடியவரும் எழுபதில் திறந்திருப்பவரும் உண்டென்று காட்டிவிட்டன. எனவே இன்றைய குற்றவியல் மருத்துவர் தையலை மட்டும் நம்பி வயது சொல்லுவதில்லை. பல்லையும் இடுப்பெலும்பையும் சேர்த்துப் பார்த்தே ஒரு வரம்பைக் கூறுவார்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் பொருள்கள் இருக்கின்றன. அலெக்ஸாண்டர் ரீ 1899 முதல் அங்கே அகழ்ந்தெடுத்தவற்றுள் மண்டை ஓடுகளும் இருந்தன. அவற்றை ஆராய்ந்து ஸோலி ஸுக்கர்மன் எழுதிய கட்டுரையை அவ்வருங்காட்சியகமே 1930-இல் வெளியிட்டது. அக்காலத்தார்க்கு ஓட்டின் வயதைக் காட்டிலும் ஓட்டின் இனமே பெரிய கேள்வியாக இருந்தது. அதே அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலோடு தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, சாதியையும் குலத்தையும் அவ்வளவுகளில் தேடினார். அகலத்தை நீளத்தால் வகுத்த ஓர் எண்ணில் ஒரு ஜனசமூகத்தின் சரித்திரம் ஒளிந்திருக்கிறது என்னும் எண்ணத்தை நான் ஏற்பதற்கில்லை. தலை வடிவம் என்பது தையல்கள் திறந்திருந்த ஆண்டுகளில் கருப்பையிலும், தொட்டிலிலும், பட்டினியிலும், பாலிலும் உருவானது. அமெரிக்காவில் குடியேறியோர் ஏறக்குறைய 18,000 பேரை அளந்து, அங்கே பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோரினின்றும் மாறுபட்டது என்று பிரான்ஸ் போவாஸ் 1911-இல் எடுத்துக்காட்டினார். அந்த மாறுதல் எவ்வளவு என்பதில் பிற்காலத்தார் வாதிட்டதுண்டு; தலை வடிவம் மாறாத குலமுத்திரை அன்று என்பதில் வாதம் இல்லை.

முகத்தின் தையல்களைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பூம்பாவையின் வயதில், அதாவது ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள், மண்டை ஓட்டைவிட மிகுதியாக வளருவது முகமே. மூளை ஏழு வயதில் ஏறக்குறைய முழு அளவை எட்டிவிட்டிருக்கும். மேலண்ணத்தின் நடுவே முன்பின்னாக ஒரு தையல் ஓடுகிறது. அண்ணம் குறுகி, பற்கள் நெருங்கி, மேற்பல்வரிசை கீழ்வரிசைக்கு உள்ளே விழுந்து கடிக்கும் பிள்ளைகளுக்கு, பல்வரிசை சீர்செய்யும் மருத்துவர் அண்ணத்தில் ஒரு திருகுக் கருவியைப் பொருத்துகிறார். 1860-இல் அமெரிக்கப் பல்மருத்துவர் எமர்சன் ஏஞ்சல் முதன்முதலில் எழுதி, அக்காலத்தவரால் நம்பப்படாத முறை இது. தாயோ தந்தையோ வீட்டில் சிறு சாவியால் நாள்தோறும் திருக, ஒவ்வொரு திருகுக்கும் சுமார் கால் மில்லிமீட்டர் வீதம் தையல் விரிகிறது. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து தோன்றுகிறது. அண்ணத்தின் இரு பாதிகளும் உண்மையாகவே விலகிவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி. விலகிய இடத்தில் சில மாதங்களில் புதிய எலும்பு நிரம்புகிறது. பற்களின் சந்தும் தானே குறைகிறது. பதினைந்து பதினாறு வயதைக் கடந்தவர்களுக்கு அத்தையல் கோத்து இறுகத் தொடங்கிவிடுவதால் வெறும் திருகுக்கு இணங்குவது அரிதாகி, பலருக்கு எலும்பை அறுத்து வழி செய்த பின்பே விரிக்க வேண்டியிருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளையின் மேல்வரிசையை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்று நான் பெற்றோர்களை வேண்டுவது அதனால்தான்.